மகளுக்குக் கட்டும் வீடு: குடும்பத்தைப் படிக்கும் அறிவும் கிழக்குக் கரையும்

(வரிப்பத்தான்சேனையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தின் கல்முனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரைக்கும், உள்ளே இறக்காமம், வரிப்பத்தான்சேனை வரைக்கும், கலியாணம் முடித்த பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருகிறார். அவர் வந்து சேரும் வீடு பெண்ணுக்கென்று எழுதியதாக இருக்கும்; இல்லாவிட்டால் அவளுக்கென்று கட்டி முடியும் தறுவாயில் இருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இதில் அதிசயப்பட எதுவுமில்லை. உம்மாவின் வீடு உம்மம்மா கொடுத்தது, மகளின் வீடு உம்மா கொடுப்பது, அவ்வளவுதான்.

மனிதக் குடும்பத்தை ஆராயப் புறப்பட்டவர்களுக்கு இது சின்ன விடயமாகப் படவில்லை. உலகின் பெரும்பகுதியில் இடம்பெயர்கிறவள் பெண்தான். தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களிலும், வட இந்தியாவிலும், பாகிஸ்தானிலும், அரபு நாடுகளிலும் அதுவே வழமை. காயல்பட்டினம், கீழக்கரை, வட மலபார், மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள் என்று இந்து சமுத்திரத்தைச் சுற்றி முஸ்லிம் சமூகங்கள் சில வேறு வழியில் வாழ்ந்து வந்திருக்கின்றன. அம்பாறைக் கரையும் அவற்றில் ஒன்று. சமூக விஞ்ஞானங்கள் குடும்பத்தையும் மனித நடத்தையையும் எப்படி ஆராய்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள். அதைப் பாடநூல் வரிசையில் சொல்வதைவிட, அந்த அறிவு இந்தக் கரைக்கு வந்தபோது எதைக் கண்டது, எதைக் காணத் தவறியது, தவறியதால் யார் எதை இழந்தார்கள் என்று சொல்வதே கூடுதல் பயன் தரும்.

உறவுமுறை ஆய்வு பிறந்த கதையிலேயே தமிழுக்குப் பங்கு இருக்கிறது. லூயிஸ் ஹென்றி மோர்கன் 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வாழ்ந்த சட்டத்தரணி. அங்கிருந்த இரோக்குவாய் மக்களின் உறவுமுறைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தார். அவர்களிடம் தகப்பனின் சகோதரனும் ஒரு தகப்பன். தாயின் சகோதரியும் ஒரு தாய். தாயின் சகோதரன் மட்டும் வேறு வகை. இப்படி வேறெங்காவது உண்டா என்று அறிய அச்சடித்த வினாத்தாள்களை உலகமெங்கும் அனுப்பினார். தமிழ்ப் பகுதியில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிமார் மூலம் தமிழரின் உறவுமுறை விபரம் கிடைத்தபோது அசந்துபோனார். இங்கேயும் அதே அமைப்பு: பெரியவாப்பாவும் சாச்சாவும் வாப்பாவின் வரிசையில், பெரியும்மாவும் சாச்சியும் உம்மாவின் வரிசையில், மாமாவின் பிள்ளைகள் மட்டும் மச்சான், மச்சாள் என்று தனி வரிசையில். அந்தத் தனி வரிசையில்தான் கலியாணம் பேசலாம். இரோக்குவாய் மக்களும் தமிழரும் ஒரே மூலத்திலிருந்து வந்தவர்கள் என்று மோர்கன் எடுத்த முடிவு நிலைக்கவில்லை. ஆனால் 1871 இல் வெளியான அவருடைய நூல், குடும்பத்தை ஊகத்தால் அல்லாமல் கேட்டுப் பதிந்து ஆராயலாம் என்பதை நிலைநிறுத்தியது.

அடுத்த படி 1898 இல். அவுஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டொரஸ் நீரிணைத் தீவுகளுக்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்குழு போனது. அதில் ஒருவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், மருத்துவர். தீவு மக்களின் பார்வைத்திறன் போன்றவற்றைச் சோதிக்கப் போனவருக்கு, யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் வேலை ஓடவில்லை. எனவே ஒவ்வொருவரிடமும் தகப்பன் பெயர், தாய் பெயர், கூடப்பிறந்தவர்கள், மணந்தவர், பிள்ளைகள் என்று கேட்டு வம்சாவளிப் படம் வரையத் தொடங்கினார். "உங்கள் ஊரில் கலியாண விதி என்ன?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். "உங்கள் மூத்த மகள் யாரைக் கட்டினாள், அவர் எந்த வீட்டில் இருக்கிறார்?" என்று கேட்டால் பெயரும் இடமும் வரும். நூறு குடும்பங்களின் படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விதி தானாகத் தெரிந்துவிடும். இந்த முறையை ரிவர்ஸ் 1900 இல் வெளியிட்டார். இன்றைக்கும் கள ஆய்வுக்குப் போகிற மாணவர் முதலில் பழகுவது இதைத்தான். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்குச் சமன்குறி.

அந்தத் தாளை இந்தப் பகுதியின் ஒரு வளவில் விரித்துப் பார்க்கலாம். மூன்று மகள்மார், இரண்டு மகன்மார் உள்ள ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். றோட்டுப் பக்கம் பார்த்த பெரிய வீடு மூத்த மகளுடையது. அவளுடைய கலியாணம் வரைக்கும் உம்மாவும் வாப்பாவும் இருந்த வீடு அதுதான். மாப்பிள்ளை வந்ததும் அவர்கள் மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்துச் சின்ன வீட்டுக்கு மாறினார்கள். அந்தச் சின்ன வீட்டுக்கு அறை ஒன்று கூட்டி, நிலத்துக்கு ஓடு பதித்து, இரண்டாம் மகளுக்குக் கொடுத்தாயிற்று. கிணற்றடியைத் தாண்டி அத்திவாரம் போட்டு நாலு தூண் எழும்பி நிற்கிறது. பக்கத்தில் மணல் கும்பி, தறப்பாளால் மூடிய சீமெந்துப் பைகள். அது மூன்றாமவளுக்கு. மூத்த மகன் அக்கரைப்பற்றில் கலியாணம் முடித்து மனைவியின் வளவில் இருக்கிறார். இளையவர் கட்டாரில், சீமெந்துக்குக் காசு அங்கிருந்து வருகிறது. தங்கச்சியின் வீடு கூரை கண்ட பிறகுதான் அவருடைய கலியாணப் பேச்சு.

தாளைப் பார்த்தால் வட்டங்கள் எல்லாம் ஒரே வளவுக்குள் நிற்கின்றன. முக்கோணங்கள் வெளியே போகின்றன, வேறு வளவுகளிலிருந்து வேறு முக்கோணங்கள் உள்ளே வருகின்றன. மூன்று தலைமுறைக்கு இப்படிப் படம் கீறினால், ஊரின் ஒரு வீதி முழுவதும் ஒரே உம்மம்மாவின் பேத்திமார் குடியிருப்பது தெரியவரும்.

இதே வளவுக்குக் குடிசன மதிப்பு உத்தியோகத்தர் வந்தால் என்ன எழுதுவார்? உலகெங்கும் கணக்கெடுப்புகள் பின்பற்றும் பொது விதி, ஒன்றாகத் தங்கி ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடித்தனம் என்பது. அந்த விதிப்படி இங்கே இரண்டு குடித்தனங்களா, மூன்றா? உம்மாவும் வாப்பாவும் இளைய மகளும் எந்த அடுப்பில் சாப்பிடுகிறார்கள்? காலைச் சாப்பாடு இரண்டாம் மகள் வீட்டில், பகல் கறி மூத்தவள் அனுப்பியது, இரவு தனியே என்றால் எந்தக் கட்டத்தில் அடையாளம் போடுவது?

இந்தத் திண்டாட்டம் அம்பாறைக்கு மட்டும் உரியதல்ல. கானா நாட்டின் அசாந்தி மக்களும் தாய்வழியினர். மேயர் போர்ட்டஸ் என்ற மானிடவியலாளர் 1940 களில் அங்கே குடித்தனங்களைக் கணக்கெடுத்தபோது, பல தம்பதிகள் தனித்தனி வீட்டில் இருப்பதைக் கண்டார். மனைவி தன் தாயோடு, கணவர் தன் தாயோடு அல்லது சகோதரியோடு. பொழுதுபடும் நேரம் பிள்ளைகள் உம்மா சமைத்த சாப்பாட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாப்பாவின் வீட்டுக்கு ஓடுவதை அவர் எழுதியிருக்கிறார். வீடு வீடாக ஆட்களை எண்ணிக்கொண்டு போகிறவருக்குப் பொழுதுபடும்போது ஓடும் அந்தச் சட்டி தெரியாது. போர்ட்டஸ் இதிலிருந்து ஒரு முக்கியமான பாடத்தைக் கொண்டுவந்தார். ஒரே ஊரில் ஒரு வீட்டில் ஐந்து பேர், இன்னொரு வீட்டில் பன்னிரண்டு பேர் என்றால் அவை இரண்டு வகைக் குடும்பங்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரே வகைக் குடும்பம் தன் வாழ்நாளின் இரண்டு கட்டங்களில் நிற்கலாம். 1958 இல் ஜாக் கூடி பதிப்பித்த ஒரு தொகுப்பு இந்தக் கருத்தை விரிவாக நிறுவியது. மேலே சொன்ன வளவையே பத்து வருடம் முன்பு பார்த்திருந்தால் அங்கே ஒரு வீடு, ஏழு பேர், "கருக் குடும்பம்" என்று எழுதியிருப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் மூன்று வீடு. ஊர் வழமை அதேதான். நாளும் ஆட்களும் மட்டும் மாறியிருக்கின்றன. ஒருநாள் கணக்கெடுப்பை வைத்து "கூட்டுக் குடும்பம் சிதைந்துவிட்டது" என்று பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இதை ஒருமுறையாவது யோசிக்க வேண்டும்.

இலங்கையின் குடும்ப அமைப்பை ஆராய்ந்தவர்களில் பலர் இந்தக் கரையைத் தாண்டிப் போனவர்கள். எட்மண்ட் லீச் 1954 இல் வடமத்திய மாகாணத்தின் புல் எலிய என்ற குளத்துக் கிராமத்தில் தங்கி, உறவுமுறை என்பது காணியையும் தண்ணீரையும் பற்றிப் பேசும் ஒரு வழி என்று வாதிட்டார். நூர் யால்மன் 1967 இல் வெளியிட்ட நூலில் கண்டிச் சிங்களவரோடு சேர்த்துக் கிழக்கின் தமிழரையும் முஸ்லிம்களையும் எடுத்துப் பேசினார். இந்தக் கரையிலேயே குந்தியிருந்து, தமிழ் படித்து, ஊர் ஊராகக் கேட்டு எழுதியவர் டெனிஸ் மெக்கில்வ்ரே. சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வு மாணவராக 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்தவர், அதற்குப் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப வந்தார். அவருடைய பெரிய நூல் 2008 இல்தான் அச்சில் வந்தது. ஒரு சமூகத்தை விளங்கிக்கொள்ள அவர் எடுத்துக்கொண்ட காலம் அது. மூன்று மாதத் திட்ட அறிக்கைகள் குவிந்து கிடக்கிற இந்தக் காலத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும்.

அவர் காட்டியது என்ன? அக்கரைப்பற்றில் தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து வீதிகளில், வெவ்வேறு மார்க்கத்தில் வாழ்ந்தாலும், குடும்பத்தின் எலும்புக்கூடு ஒன்றே. இருவருக்கும் குடி என்ற வம்சக்குழு தாய் வழியாக வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. இருவரும் மகளுக்கு வீடு கொடுக்கிறார்கள். கோவில் நிர்வாகத்தில் குடிகளுக்கு இடம் இருப்பதுபோலப் பள்ளிவாசலிலும் குடிக்கொரு மரைக்காயர் நிர்வாகியாக இருந்தார். சொத்து மரணத்துக்குப் பிறகு பிரிக்கப்படுவதைவிட, கலியாணத்தின்போது சீதனமாகவே பெரும்பாலும் கைமாறிவிடுகிறது. எனவே வாப்பா மௌத்தாகும்போது பிரிப்பதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற வாரிசுரிமைக் கணக்கு இருக்கிறது. அதற்கு முன்னமே உயிரோடு இருக்கும்போது அன்பளிப்பாகக் காணியும் வீடும் மகள்மாரின் கையில் சேர்ந்துவிடுகின்றன. நூலை மட்டும் படித்து ஒரு சமூகத்தை எடைபோடுகிறவர் "முஸ்லிம் பெண்ணுக்குச் சொத்தில் பாதிப் பங்குதான்" என்று எழுதிவிட்டுப் போவார். வளவுக்குள் நுழைந்து உறுதி யாருடைய பெயரில் என்று கேட்கிறவருக்கு வேறு உண்மை தெரியும்.

இந்த வழமை எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞரிடையே பேச்சு முடியவில்லை. மலபார்க் கரைத் தொடர்பைப் பலர் சுட்டுகிறார்கள். மட்டக்களப்பின் முக்குவர் சமூகத்தின் தாய்வழிச் சொத்துரிமையை சி. பிரிட்டோ 1876 இலேயே தனி நூலாக எழுதியிருக்கிறார். கடலோடிகளும் வியாபாரிகளும் அடிக்கடி வெளியே போகிற ஊர்களில் வீடும் வளவும் பெண்ணிடம் நிற்பது வசதி என்பது இன்னொரு விளக்கம். ஆனால் வரிப்பத்தான்சேனையும் இறக்காமமும் கடல் ஊர்களல்ல, வேளாண்மை ஊர்கள். குளமும் வயலும் மாடுமாக வாழ்ந்த இடத்தில் அதே வழமை வேரூன்றியிருப்பதைக் கடல் வியாபாரம் மட்டும் விளக்கிவிடாது.

மெக்கில்வ்ரேயைப் போல ஓரிடத்தில் தங்கிச் செய்யும் கள ஆய்வு என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பெயர் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி. முதல் உலகப்போர்க் காலத்தில் நியூகினியை அடுத்த ட்ரோப்ரியண்ட் தீவுகளில், மக்களோடு கூடாரம் போட்டுத் தங்கி, அவர்கள் மொழியிலேயே பேசிப் பதிந்தவர். அங்கும் தாய்வழிதான். பிள்ளையைக் கண்டிக்கிறவர் தாய்மாமன். தகப்பன் தோளில் தூக்கி விளையாட்டுக் காட்டுகிறவர். தகப்பன்மீது மகனுக்குள்ள பகையை மனிதகுலம் முழுவதற்கும் பொதுவாக்கிய சிக்மண்ட் பிராய்டின் கோட்பாட்டை, இதை வைத்து மலினோவ்ஸ்கி 1927 இல் நூலெழுதி எதிர்த்தார். வியன்னா நகரத்து நடுத்தரக் குடும்பத்தின் வாப்பாவை உலகத்து வாப்பாவாக எடுத்துக்கொண்டது பிழை என்பது அவருடைய வாதம். அது முடிந்த முடிவாகவில்லை, மறுத்தவர்களும் உண்டு. என்றாலும் மனத்தைப் பற்றிய ஒரு கோட்பாட்டைக் குடும்ப அமைப்பைக் கொண்டு சோதிக்கலாம் என்ற வழி அன்று திறந்தது.

அந்த மலினோவ்ஸ்கியும் ஒன்றைத் தவறவிட்டார். அனெட் வெய்னர் 1970 களின் தொடக்கத்தில் அதே தீவுகளுக்குப் போனார். மரணச் சடங்குகளில் பெண்கள் வாழையிலைக் கட்டுகளையும் இலைநாரில் செய்த பாவாடைகளையும் நூற்றுக்கணக்கில் பகிர்வதைக் கண்டார். அது பெண்கள் உழைத்துச் சேர்த்த செல்வம். குலத்தின் கடனும் கௌரவமும் அதில்தான் தீர்ந்தன. மலினோவ்ஸ்கி அதைக் கண்டும் பெறுமதியாக எடுக்கவில்லை. வெய்னரின் நூல் 1976 இல் வந்தபோது, அரை நூற்றாண்டாகப் பாடநூலில் இருந்த ஒரு சமூகத்தின் பாதிப் பொருளாதாரம் புதிதாக வெளிச்சத்துக்கு வந்தது. ஆண் ஆய்வாளர் ஆண்களோடு வாசலில் இருந்து பேசிய ஆய்வுக்கும், குசினிக்குள் போகக்கூடிய ஒரு பெண் செய்த ஆய்வுக்கும் உள்ள தூரம் அது. இந்தக் கரையின் வளவுகளில் நகை, சீட்டுக்காசு, கோழி, நெசவு, பன்வேலை என்று பெண்கள் கையாளும் பொருளைப் பற்றி எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு.

காணத் தவறுவதன் விலையைக் காட்ட 2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கையில் சுனாமி அதிகமாக உயிர் குடித்தது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000 பேருக்கு மேல். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரையோரம் முழுவதும் வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும் நின்றது. கரையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு அந்த எல்லை தளர்த்தப்பட்டது. ஆனால் ஏற்கனவே நெருங்கிக் கிடந்த கல்முனைக் கரையில் அந்த இடைக்காலத் தடையே பல குடும்பங்களின் வளவை உடைத்துப்போட்டது.

புதிய வீடுகள் வந்தன. உலகமெங்கிலுமிருந்து உதவி வந்தது, அதை மறக்கக்கூடாது. ஆனால் வீட்டைக் கையளிக்கும் படிவத்தில் குடும்பத் தலைவர் என்று ஒரு கோடு இருந்தது. அதில் பெரும்பாலும் எழுதப்பட்டது கணவரின் பெயர். கடல் கொண்டுபோனது மனைவியின் வீடு, தாய் அவளுக்குக் கொடுத்தது. மாற்றாகக் கிடைத்தது கணவரின் பெயரில். பல தலைமுறையாகப் பெண் வழியில் வந்த ஒரு சொத்து, ஒரு கையெழுத்தில் ஆண் வழிக்குத் திரும்பியது. பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தன, இருவர் பெயரிலும் எழுதும்படி கேட்டன. மெக்கில்வ்ரேயும் பெட்ரிசியா லோரன்சும் இந்தக் கரையின் மீள்கட்டுமானத்தை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட கட்டுரை, குடும்பங்கள் புதிய வீட்டையும் சீதனக் கணக்கோடுதான் பார்த்தார்கள் என்று காட்டியது. மக்கள் தங்குவதற்கு மட்டும் வீடு தேடவில்லை. அடுத்த மகளுக்குக் கொடுக்க ஒன்று வேண்டும் என்று தேடினார்கள். திட்டமிட்டவர்களின் தாளில் அந்தத் தேவைக்கு இடமே இருக்கவில்லை. அறிவு இருந்தது, பல வருடங்களாக எழுதப்பட்டுக் கிடந்தது. படிவம் தயாரித்தவர்கள் அதைத் திறந்து பார்த்திருந்தால் எத்தனையோ பெண்களின் உரிமை ஒரு கோட்டில் போயிருக்காது.

சுனாமியோடு உளவளத்துணையாளர்களும் வந்தார்கள். மேற்கில் தயாரித்த பட்டியலோடு வந்தவர்கள் பலர்: கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிட்டு எழும்புகிறீர்களா, நடந்ததை நினைக்காமல் இருக்கப் பார்க்கிறீர்களா? இந்தக் கேள்விகள் பயனற்றவை அல்ல. ஆனால் காயத்ரி பெர்னாண்டோ என்ற இலங்கை உளவியலாளர் வேறு வழியில் போனார். துன்பம் வந்தபின் ஒருவர் நன்றாக இருக்கிறார், அல்லது மோசமாக இருக்கிறார் என்பதை எப்படி அறிவீர்கள் என்று மக்களிடமே கதையாகக் கேட்டார். கிடைத்த விடைகளில் பெரும் இடம் பிடித்தது உறவு. குடும்பத்தில் தன் கடமையைச் செய்யமுடியாமல் போவது, ஊரிலிருந்து ஒதுங்கிப் போவது, இவற்றையே மக்கள் மனக்காயமாகச் சொன்னார்கள். அதைக் கொண்டு இலங்கைக்கென்று ஓர் அளவுகோலையே அவர் உருவாக்கினார். வடக்கில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரைப் பற்றி எழுதியதும் இதற்கு அண்மையில் நிற்கிறது. காயம் தனியாளுக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் கூட்டாக ஏற்படுகிறது என்று அவர் விளக்கினார். கட்டிக்கொண்டிருந்த மகளின் வீட்டைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்குக் கலியாண வயது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வாப்பாவின் நித்திரையின்மைக்கு, கெட்ட கனவைப் பற்றிய கேள்வியால் மட்டும் மருந்து கண்டுபிடிக்க முடியாது.

உளவியலுக்குள்ளேயே இந்தக் குறை பேசப்படுகிறது. முன்னணி அமெரிக்க உளவியல் சஞ்சிகைகளின் ஆய்வுகளை 2008 இல் ஜெப்ரி ஆர்னெட் கணக்கெடுத்தபோது, ஆராயப்பட்டவர்களில் 96 சதவீதத்தினர் மேற்கத்தேயக் கைத்தொழில் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரிந்தது. உலக மக்களில் அந்த நாடுகளின் பங்கு 12 சதவீதம். மனித நடத்தை என்று பாடநூல் சொல்வதில் பெரும்பகுதி, உலகத்தின் எட்டில் ஒரு பங்கினரைப் பார்த்துச் சொன்னது.

பெண் பெயரில் வீடு இருப்பது வாழ்க்கையில் என்ன மாற்றம் செய்கிறது? இதற்கு நம் அயலில் நல்ல ஆய்வு உண்டு. பிரதீப் பண்டாவும் பினா அகர்வாலும் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் திருமணமான சுமார் 500 பெண்களிடம் விசாரித்து 2005 இல் வெளியிட்டார்கள். காணியோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதத்தினர் கணவனின் உடல்வன்முறையை அனுபவித்திருந்தார்கள். காணி மட்டும் உள்ளவர்களில் அது 18 சதவீதம், வீடு மட்டும் உள்ளவர்களில் 10, இரண்டும் உள்ளவர்களில் 7. படிப்பு, வருமானம் போன்ற மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும் சொத்தின் பலம் தெரிந்தது. போக ஓர் இடம் இருக்கிற பெண்ணிடம் கை ஓங்க ஆண் யோசிக்கிறான்; இந்தக் கரையில் வெளியே போக வேண்டியவர் கணவர்தான்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு கிழக்குக் கரையைப் பெண்களின் சுவர்க்கம் என்று எழுதுவது பொய். கஞ்சனா ருவன்புர கிழக்கிலங்கையில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை மூவினத்திலும் ஆராய்ந்து 2006 இல் எழுதிய நூல் அந்தக் கற்பனையை நேராக எதிர்கொள்கிறது. தாய்வழி இருந்தாலும் தீர்மானம் ஆண் கையில் இருக்கலாம். வீட்டை விற்பதா, ஈடு வைப்பதா என்பதைக் கணவரோ காக்காவோ முடிவெடுக்கலாம். வீட்டோடு சேர்த்து மாப்பிள்ளைக்குக் காசாகக் கைக்கூலி கேட்கும் பழக்கமும் இங்கே வேரூன்றியிருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைப் பெயர் சொல்லி ஏற்று, அதைத் திருப்பிக் கேட்கும் வழக்கைக் காதியார் விசாரிக்க இடம் வைத்திருக்கிறது என்பதே அது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சாட்சி. வீடு கொடுப்பது ஒன்று. மாப்பிள்ளைக்குக் காசு கொடுப்பது வேறொன்று. முதலாவது பெண்ணிடம் நிற்கிறது, இரண்டாவது அவளைவிட்டுப் போகிறது. சீதன ஒழிப்புப் பேசும் ஆலிம்களும் இளைஞர்களும் இந்த இரண்டையும் பிரித்துப் பேசுவது அவசியம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ஒழித்துவிட்டால் பெண்ணின் கையில் இருக்கிற ஒரே காணியும் போய்விடும்.

வன்முறை போன்ற விடயங்களை எப்படிக் கேட்பது என்பதும் ஒரு கலை. இலங்கையில் 2019 இல் தொகைமதிப்புத் திணைக்களம் பெண்களின் நல்வாழ்வு பற்றி நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. கணவனாலோ துணைவனாலோ உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் ஐந்தில் ஒரு பெண் என்று அது கண்டது. இப்படிப்பட்ட ஆய்வுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறிகள் இறுக்கமானவை. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்க வேண்டும். தனியே கேட்க வேண்டும். யாராவது உள்ளே வந்தால் உடனே பேச்சைச் சுகாதாரம், சாப்பாடு என்று மாற்ற வேண்டும். கேட்கிறவர் பயிற்சி பெற்ற பெண்ணாக இருக்க வேண்டும். மூன்று சகோதரிகளின் கதவு ஒரே முற்றத்தைப் பார்த்திருக்கிற வளவில் தனிமை தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். அந்த முற்றமே அவளுக்குக் காவலாகவும் இருக்கிறது, அவளுடைய வாயை மூடியும் வைக்கிறது.

இப்போது வழமைக்கு நெருக்கடி வந்திருப்பது காணியால். கரையோரத்தில் பிரிக்க வளவு மிஞ்சவில்லை. உட்பகுதிகளில் நிலம் இருந்தாலும் உறுதிக் காணி குறைவு, அரச அனுமதிப்பத்திரக் காணி அதிகம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், பின்னுரித்தாளர் நியமிக்கப்படாத காணிக்கு மகள்மாரைவிட மகன்மாரை முன்னால் நிறுத்தியது. மகளுக்குக் கொடுக்கும் ஊரில், மகனுக்குக் கொடுக்கும் சட்டம் எண்பது வருடத்துக்கு மேல் ஆண்டது. 2022 இல்தான் அந்தப் பாகுபாடு திருத்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இந்தப் பகுதிகளில் எத்தனை மகள்மாரின் காணி கைமாறியது என்பதைப் பிரதேச செயலகக் கோப்புகளையும் வளவுகளின் வம்சாவளிப் படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண்டுபிடிக்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990 களின் நடுப்பகுதியிலிருந்து இருக்கிறது. இங்கிருந்து போய்வரும் தூரம். அங்கே படிக்கும் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் எந்த வீட்டுக் குசினிக்குள்ளும் தடையின்றிப் போகலாம். அக்கரைப்பற்றில் வெளிநாட்டார் ஒருவர் நாற்பது வருடத்தில் செய்ததைத் தொடர அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

தொடங்க வேண்டிய இடம் மேல்மாடி. நிலம் போதாததால் கீழ்வீடு மூத்தவளுக்கு, மேல்மாடி இளையவளுக்கு என்று கட்டும் வழக்கம் கரையோரத்தில் பரவியிருக்கிறது, உள்ளேயும் வந்துகொண்டிருக்கிறது. காணி உறுதி கீழ்வீட்டுக்காரியின் பெயரில் இருக்கும். மேல்மாடியை நிலத்திலிருந்து பிரித்துத் தனியே எழுதுவது இலேசான காரியமல்ல. பல வீடுகளில் அது வாய்ப்பேச்சாகவே நிற்கிறது. ராத்தாவும் தங்கச்சியும் ஒற்றுமையாக இருக்கும்வரை பிரச்சினையில்லை. அவர்களுடைய மகள்மாருக்கு மாப்பிள்ளை பார்க்கும் காலத்தில், மேல்மாடியில் வளர்ந்த பெண்ணுக்கு அவளுடைய உம்மா எந்த உறுதியை எழுதிக் கொடுப்பார், கீழ்வீட்டுக் குடும்பம் அதற்கு ஒப்புக்கொள்ளுமா, காதியாரும் நொத்தாரிசும் என்ன வழி காட்டுவார்கள் என்பவை இன்றே கேட்டுப் பதியத் தொடங்க வேண்டிய கேள்விகள்.